கவ்வாத்துக் கத்தியும் சாணையின் வேகமும்

தேயிலையைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் அநேகமாகக் கொழுந்தைப் பற்றியே எழுதிவந்திருக்கிறார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும், அவற்றைக் கிள்ளுகிற விரலும், அந்த விரலுக்கு உடையவளின் கூடையும் சம்பளமும் பத்திரிகைகளில் பெற்றிருக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கையேனும், நான்கைந்து வருஷங்களுக்கு ஒரு முறை அதே செடியை முழங்காலளவுக்கு வெட்டி இறக்கி, அதன் முதுமையைக் களைந்து, மறுபடியும் கொழுந்து விடும்படி செய்கிற கவ்வாத்துக் கத்தி பெற்றதில்லை. கருவியைக் கவனியாமல் விளைவை மட்டும் கணக்குப் பார்ப்பது நிர்வாகங்களின் சுபாவம் என்று விட்டுவிடலாம். தொழிலாளர் நலனுக்காகப் பேசுகிறவர்களும் அந்தக் கத்தியைப் பற்றி வாய் திறவாதிருப்பதுதான் விசனத்துக்குரியது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் கத்தி சீக்கிரம் மழுங்கிவிட்டால் இரும்பு மட்டமானது என்றோ, பிடித்தவன் அசிரத்தையானவன் என்றோ சொல்லிவிட்டுப் போவது வழக்கமாக இருக்கிறது. என் அபிப்பிராயத்தில், அந்தக் குற்றத்தின் பெரும் பகுதி கத்தியைத் தீட்டுகிற சாணை சுற்றும் வேகத்தைச் சார்ந்தது. அதைத் திருத்துவது தோட்ட நிர்வாகத்தின் கடமை.

கவ்வாத்து என்பது செடியை அழிப்பது போலத் தோன்றி அதை வாழவைக்கிற வேலை. உயர்ந்த மலைத் தோட்டங்களில் நான்கு முதல் ஐந்து வருஷங்களுக்கு ஒரு முறையும், தாழ்ந்த பிரதேசங்களில் ஏறக்குறைய மூன்று வருஷங்களுக்கு ஒரு முறையும், செடியைத் தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில் வெட்டி இறக்குகிறார்கள். வெட்டுவதற்கு முன் வேரில் ஒரு துண்டை எடுத்து அயோடின் தடவி அதில் மாச்சத்து போதுமான அளவு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும், வறட்சி மாதங்களைத் தவிர்க்க வேண்டும் என்பதும், வெட்டுவாய் சரிவாகவும் வழவழப்பாகவும் அமைந்து மழைநீர் தங்காமல் வழிந்தோட வேண்டும் என்பதும், வெட்டி வீழ்த்திய மிலாறுகளில் சிலவற்றை அச்செடியின் மேலேயே பரப்பி வெயில் சுடாமல் காக்க வேண்டும் என்பதும், 1925ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டுத் தலவாக்கலைக்கு அண்மையில் செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவருகிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகப் போதித்துவருகிற விஷயங்கள். இவற்றுள் அயோடினும் பருவமும் மிலாறும் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் பார்த்துக்கொள்ளக்கூடியவை. வெட்டுவாயின் சரிவும் வழவழப்பும் மட்டும் கத்தியைப் பிடித்திருப்பவனின் கையிலும், அந்தக் கத்தியின் விளிம்பிலும் இருக்கின்றன.

மழுங்கிய கத்தி வாதை வெட்டுவதில்லை; நசுக்கி, பட்டையை உரித்து, நடுமரத்தைப் பிளந்துவிட்டுப் போகிறது. நார் தொங்குகிற அந்தக் காயம் ஆறுவதற்கு நாளாகும். ஆறுவதற்குள் நீரும் பூஞ்சணமும் உள்ளே புகுந்து, வாது நுனியிலிருந்து பின்னோக்கிக் காயத் தொடங்கும். நம் தோட்டங்களில் விதையிலிருந்து வளர்ந்த கிழச் செடிகளில் பல, நூறு வயதைத் தாண்டியவை. அவற்றின் அடிமரத்தைப் பிளந்து பார்த்தால் தலைமுறை தலைமுறையாக நேர்ந்த மோசமான வெட்டுகளின் சரித்திரம், கறுத்த உளுத்த கோடுகளாக உள்ளே இறங்கியிருப்பதைக் காணலாம். கொழுந்து குறைந்துவிட்டது, மண் கெட்டுவிட்டது, உரம் போதவில்லை என்று கணக்கெழுதுகிறவர்கள் அந்தக் கோடுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செடிக்கு நேர்வது இவ்வாறிருக்க, மனிதனுக்கு நேர்வது வேறு. கவ்வாத்துக்காரன் ஒரு செடிக்கு ஒரு வெட்டு வெட்டிவிட்டு நகர்கிறவன் அல்லன்; வாதுக்கு ஒரு வெட்டு, பருத்த வாதாக இருந்தால் இரண்டு வெட்டு என்று, குனிந்த நிலையில், வழுக்குகிற சரிவில், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டு முடிந்த நேரத்திலிருந்து தனக்குக் கொடுத்த செடிக் கணக்கு முடியும் வரையில் வெட்டிக்கொண்டே போகிறவன். ஒரு வீச்சில் போக வேண்டிய வாது இரண்டு வீச்சில் போகுமானால் அவனுடைய தோளும் மணிக்கட்டும் இரட்டிப்பு வேலை செய்கின்றன. சம்பளமோ ஒரு பேர், அதாவது ஒரு நாள் கணக்குத்தான். கூரான கத்தி வாதோடு நின்றுவிடும். மழுங்கல் கத்தி பலத்தைக் கூட்டி வீசப்பட்டு, வழுக்கி, முழங்காலைத் தேடி வரும்.

இரும்பும் எஃகும் இந்த மலைகளுக்குப் புதியவை அல்ல. மத்திய மலைநாட்டின் தெற்குச் சரிவில், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பிரதேசத்தில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு மலைமுகட்டில் வரிசையாக எரிந்த இரும்புலைகளின் சுவடுகளை ஜில்லியன் ஜூலெப் என்னும் ஆராய்ச்சியாளர் அகழ்ந்து கண்டு, 1996ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அதை வெளியிட்ட போது, ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே கார்பன் மிகுந்த எஃகை இங்குள்ளவர்கள் காற்றின் உதவியாலேயே ஆக்கியிருந்த செய்தி உலகுக்குத் தெரிந்தது. ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை வகித்த நாட்களில் கண்ட இரும்பு வேலை, எஃகு வேலை பற்றிய செய்திகளை 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் பதிந்துவைத்தார். ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட பிறகு விரிந்த தோட்டங்களிலோ, தமிழ்நாட்டிலிருந்து வந்த கொல்லர்கள் துருத்தியும் சம்மட்டியும் அரமும் நீர் சொட்டும் கல்லும் கொண்டு கத்தியும் முள்ளும் மண்வெட்டியும் செய்தார்கள்.

அந்தப் பழைய பட்டறையில் ஒரு பெரிய நன்மை, அதை நடத்தியவர்களே பெரிதாக எண்ணிப் பாராத நன்மை, மறைந்திருந்தது. அரத்தால் ராவுகிற போதும், நீர்க்கல்லில் தேய்க்கிற போதும் கத்திக்குச் சூடு ஏறுவதில்லை. கொல்லன் தன் தோய்ச்சலில் கத்திக்குக் கொடுத்த பதம், அவன் எத்தனை நாள் தீட்டினாலும், விளிம்பு தேய்ந்து முதுகை எட்டும் வரையில் அப்படியே இருந்தது. மின்சாரம் வந்து, மோட்டாரின் இரு புறமும் கல் பூட்டிய மேசைக் கிரைண்டர் கடைத்தெருப் பட்டறைகளிலும் தோட்டத் தொழிற்சாலைகளிலும் இடம்பிடித்த பிறகு, ஒரு மணி நேர வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் கொல்லன் கொடுத்த பதமும் முடிந்துபோயிற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் துலக்கமாகும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதில் ஓடுகிற சாதாரண மேசைக் கிரைண்டர் நிமிஷத்துக்கு 2,850 சுற்று அளவில் சுற்றும். அதில் 6 அங்குலக் கல்லைப் பூட்டினால், கல்லின் விளிம்பு நிமிஷத்துக்கு 1,360 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கத்தியின் மேல் உராய்ந்து ஓடுகிறது. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற எந்த பஸ்ஸும் அந்த வேகத்தைக் கண்டதில்லை. கல்லின் மேல் உள்ள ஒவ்வொரு துணுக்கும் நிமிஷத்துக்கு 2,850 தடவை அதே இடத்துக்குத் திரும்பி வந்து, ஆறுவதற்கு அவகாசமின்றி மறுபடியும் உரசுகிறது. கத்தியின் முதுகு தடிமனானது, அதற்கு வருகிற சூடு உள்ளே பரவிப் போய்விடும். விளிம்போ காகிதம் போல் மெல்லியது, அதற்கு வருகிற சூடு போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும்.

எஃகின் பதம் எப்படி அமைகிறது என்பதைச் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். லொறியின் வில் தகட்டை வெட்டிக் காய்ச்சி அடித்துக் கத்தியாக்கும் கொல்லன், கடைசியில் அதை ஏறக்குறைய 800 பாகை உஷ்ணத்துக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கிறான். எஃகு 770 பாகை அளவில் காந்தத்துக்குக் கட்டுப்படுகிற குணத்தை இழந்துவிடுவதால், அனுபவசாலிகள் ஒரு காந்தத் துண்டைப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு, அது ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் காய்ச்சித் தோய்ப்பார்கள். தோய்த்த கத்தி கண்ணாடிக்கு ஒப்பான கடினத்தோடு, கீழே விழுந்தால் ஒடிந்துவிடும் நிலையில் இருக்கும். அதனால் மறுபடியும் இளஞ்சூட்டில் வாட்டி அதன் விறைப்பைத் தணிக்கிறான். அந்த இரண்டாவது சூட்டில், துலக்கிய எஃகின் மேல் வர்ணங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தோன்றும்: 200 பாகையைக் கடந்ததும் வைக்கோலின் வெளிர்மஞ்சள், 250 பாகையை ஒட்டிக் கபிலம், பிறகு ஊதா, 300 பாகை அளவில் நீலம். வெட்டுகிற விளிம்புக்கு மஞ்சள் தகும், கபிலம் வரையில் போனாலும் பாதகமில்லை. நீலம் கண்ட எஃகு வில்லுக்கு உதவுமேயன்றி விளிம்புக்கு உதவாது.

மேசைக் கிரைண்டரில் அழுத்திப் பிடித்த கத்தியின் விளிம்பில், தீப்பொறிகளின் மத்தாப்பு முடிவதற்குள், கொல்லன் அவ்வளவு சிரத்தையாக நிறுத்திவைத்த மஞ்சள் கபிலமாகி, ஊதாவாகி, நீலமாகிவிடுகிறது. அந்தக் கணமே அந்த இடத்து எஃகு மிருதுவாகிவிட்டது. இதில் மிகவும் வருந்தத்தக்கது என்னவென்றால், தீட்டுகிறவர் அந்த நீலத்தைக் கண்டு சங்கோசப்பட்டு, இன்னும் இரண்டு தடவை கல்லில் வைத்து அதைத் தேய்த்து அகற்றிவிட்டு, பளபளவென்று துலங்குகிற கத்தியைச் சொந்தக்காரனிடம் கொடுக்கிறார். நிறம் போய்விட்டது, போன கடினம் திரும்பவில்லை. தீட்டிய அன்று மயிரை மழிக்கக்கூடிய கூர்மையோடு இருந்த கத்தி, மறுநாள் மலையில் சில செடிகளுக்குள் மடங்கி உருண்டுவிடுவதற்குக் காரணம் இதுதான். மறுபடியும் கடைத்தெரு, மறுபடியும் கல், மறுபடியும் நீலம்; முதுகை நோக்கி வருஷத்துக்குப் பத்துத் தடவை தேய்ந்துகொண்டு போகிற கத்தியைப் பார்த்து, இந்தக் காலத்து இரும்பே இப்படித்தான் என்கிறோம். நுவரெலியாவின் குளிர் இதற்குப் பரிகாரம் ஆகாது. வெளியே பத்துப் பாகைக் குளிராயிருந்தாலும் விளிம்பில் ஏறுகிற 300 பாகைக்கு அது ஒரு பொருட்டன்று.

வேகம் பொருளைக் கெடுக்கும் என்பது தேயிலைத் தொழிற்சாலையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் அன்று. வாடிய கொழுந்தை உருட்டுகிற ரோலர் நிமிஷத்துக்கு 40 முதல் 45 சுற்று அளவில்தான் சுற்ற வேண்டும் என்பதும், அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் இலை சூடேறித் தேயிலையின் மணமும் நிறமும் கெடும் என்பதும் டீமேக்கருக்குப் பால பாடம். அந்தக் காலத்து ஸ்டோரில் ஒரே தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகளால் அத்தனை யந்திரங்களையும் ஓட்டிய மெக்கானிக்குகள், எந்தக் கப்பியின் விட்டம் எவ்வளவு இருந்தால் எந்த யந்திரம் எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதை விரல்நுனியில் வைத்திருந்தார்கள். இலைக்கு அவ்வளவு யோசனை செய்த அதே கட்டடத்தின் மூலையில், கத்திக்கு மட்டும் மோட்டார் கொடுத்த வேகமே வேகம் என்று விட்டுவிட்டோம்.

இனிப் பெல்ட் சாணைக்கு வருவோம். உலகெங்கும் கத்தி செய்வோர் இப்பொழுது பெரும்பாலும் கையாளுவது, 2 அங்குல அகலமும் 72 அங்குலச் சுற்றளவும் உள்ள, கரடான துணுக்குகள் ஒட்டிய துணிப் பெல்ட் ஒன்று சில சக்கரங்களின் மேல் ஓடுகிற யந்திரம். கல்லைவிட இது மேலானது என்று நான் கருதுவதற்கு முதற் காரணம், அந்தப் பெல்ட்டின் நீளம். நிமிஷத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும் மோட்டாரில் 4 அங்குலச் சக்கரத்தைப் பூட்டிப் பெல்ட்டை ஓட்டினால், அது நிமிஷத்துக்கு 460 மீட்டர் வேகத்தில், அதாவது கல்லின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஓடும். அதில் உள்ள ஒவ்வொரு துணுக்கும் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 250 தடவைதான் கத்தியைத் தொடும், தொட்டுவிட்டு மீதி நேரமெல்லாம் காற்றில் சுற்றி ஆறிவிட்டு வரும். இரண்டாவது காரணம், கல்லைப் போல உடைந்து தெறிக்கும் அபாயம் அதற்கு இல்லை. மூன்றாவது காரணம் வளைவு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெல்ட் வாங்கப் போகிறவர்கள் எந்தப் பெல்ட் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த வேகத்தில் என்று கேட்காமல் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. தோய்ச்சலுக்கு முன், வெந்து மிருதுவாயிருக்கும் தகட்டிலிருந்து கத்தியின் உருவத்தைக் கொண்டுவருகிற கட்டத்தில் சூட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கெடுவதற்கு அப்பொழுது பதமே இல்லை. அங்கே 36 முதல் 60ஆம் இலக்கம் வரையிலான பெல்ட்டை, வினாடிக்கு 15 மீட்டரோ அதற்கு மேலோ, தாராளமாக ஓட்டலாம். இந்தக் கட்டத்துக்குச் செராமிக் என்று விற்கப்படுகிற பெல்ட்டும் சிர்க்கோனியா என்று விற்கப்படுகிற பெல்ட்டும் உத்தமமானவை. அவற்றின் துணுக்குகள் அழுத்தத்தில் சிறிது சிறிதாக உடைந்து, உடையுந்தோறும் புதுக் கூர்மையைக் காட்டுகிற சுபாவம் உள்ளவை. அதே காரணத்தால் அவற்றை மெதுவாக ஓட்டி, பூப்போல் வைத்துத் தேய்த்தால், துணுக்கு உடையாமல் மழுங்கி, வழவழத்து, வெட்டுவதை விட்டுவிட்டு உரசிச் சூடேற்றத் தொடங்கும். விலை உயர்ந்த பெல்ட்டை வாங்கிவிட்டு, அது சாதாரணப் பெல்ட்டைவிட மோசம் என்று பழி சொல்லுகிறவர்கள் இந்தச் சுபாவத்தை அறியாதவர்கள்.

தோய்ச்சலுக்குப் போகும் முன் விளிம்பை முழுக்கக் கூராக்கிவிடாமல், ஒரு மில்லிமீட்டர் கனமாவது விட்டுவைக்க வேண்டும். மெல்லியதாக்கி விட்டால் எண்ணெயில் இறங்குகிற போது கோணிக்கொள்ளும், வெடித்தாலும் வெடிக்கும். தோய்ச்சலும் வாட்டலும் முடிந்த பிறகு அந்த ஒரு மில்லிமீட்டரை எடுக்கிற கட்டத்தில்தான் மனிதனுக்குப் பொறுமை வேண்டும். வேகம் முந்தியதில் பாதியாகக் குறைய வேண்டும். பெல்ட் 120ஆம் இலக்கத்துக்கு ஏறலாம். முக்கியமாக, அது புதிய பெல்ட்டாக இருக்க வேண்டும். கையுறை அணியாமல் வெறுங்கையால் கத்தியைப் பிடித்து, விரலுக்குச் சூடு தெரிந்தவுடன் பக்கத்திலுள்ள வாளித் தண்ணீரில் தோய்த்துவிட்டுத் தொடர வேண்டும். ஈரம் விளிம்பில் காய்ந்து மறைகிற கணமே மறுபடி தண்ணீருக்குப் போக வேண்டிய கணம். கடைசித் தீட்டலுக்கு 240 அல்லது 400ஆம் இலக்க அலுமினா பெல்ட்டும், வினாடிக்கு மூன்று நான்கு மீட்டர் வேகமும் போதும். நுண்மையான பெல்ட் என்றால் மென்மையானது, அதனால் சூடு குறைவு என்று எண்ணுவது தவறு. அது குறைவாக வெட்டி அதிகமாக உரசுவதால், ஒரே வேகத்தில் கரடான பெல்ட்டைக் காட்டிலும் விரைவில் கத்தியைச் சுட்டுவிடும். கண்ணாடி போல் பளபளக்கும் விளிம்பைக் கவ்வாத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். 240ஆம் இலக்கத்தோடு நிறுத்தி, மலைக்குக் கொண்டுபோகிற சிறு கல்லில் கையால் நான்கு இழுப்பு இழுத்தால் வாதைப் பற்றி அறுக்கிற விளிம்பு கிடைக்கும்.

வளைவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். வாதை அணைத்து இழுத்து வெட்டுவதற்காக உட்புறம் வளைந்திருக்கும் கத்தியைத் தட்டையான கல்லின் முகத்தில் வைத்தால், கல்லின் இரண்டு ஓரங்களும் வளைவில் குத்தி, விளிம்பில் பள்ளம் பள்ளமாகத் தோண்டிவிடும். கடைத்தெருவிலிருந்து திரும்பி வருகிற கத்திகள் பலவற்றின் விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இந்த அலைகளைக் காணலாம். பெல்ட் சாணையில் றப்பர் பூசிய சக்கரத்தின் மேல் பெல்ட் வளைந்து போகிற இடத்திலும், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பின்பலமின்றித் தொய்ந்து ஓடுகிற இடத்திலும், உள்வளைவு தடையின்றி அமர்கிறது. தொய்ந்த பகுதியில் தீட்டிய விளிம்பின் கன்னம் சற்றே புடைத்து அமைவதால் முற்றிய மரத்தில் மோதும் போது சிதறாமல் தாங்குகிறது. சமையற்கட்டுக் கத்திக்கு இந்தப் புடைப்பு குறையாக இருக்கலாம். ஐம்பது வருஷத்து வாதோடு மல்லாடுகிற கத்திக்கு அது பலம்.

வேகத்தை மாற்றுவது எப்படி? மூன்று கட்ட மோட்டாருக்கு முன்னால் இன்வர்ட்டர் என்கிற வேகப் பெட்டியை வைத்தால், மின்சாரத்தின் 50ஐ 25 ஆகவும் 15 ஆகவும் குறைத்து, ஒரே யந்திரத்தில் எல்லா வேகத்தையும் பெறலாம். ஆனால் மெதுவாகச் சுற்றும் மோட்டாரில் அதன் சொந்த விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டார் சூடேறும் என்பதையும், எஃகுத் தூள் பெட்டிக்குள் புகாமல் மூடிவைக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. அவ்வளவு வசதியில்லாத பட்டறைக்குப் பழைய வழியே போதும்: 1,440 சுற்று மோட்டார் ஒன்றும், பெரிதும் சிறிதுமான இரண்டு மூன்று கப்பிகளும். ஏற்கனவே செய்த கத்திகளைத் தீட்டுவதற்கு மட்டும் யந்திரம் என்றால் வேகப் பெட்டியே வேண்டியதில்லை. அதே மோட்டாரில் 2 அங்குலச் சக்கரத்தைப் பூட்டினால் வினாடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகம், அதாவது நமக்கு வேண்டிய வேகமே, கிடைத்துவிடும்.

செலவைப் பற்றி ஆட்சேபம் வரும். பெல்ட்டுகள் இறக்குமதிச் சரக்கு. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் அந்நியச் செலாவணி இல்லாமல் மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற நாட்டில், கத்தி தீட்டுவதற்கு வெளிநாட்டுப் பெல்ட்டா என்று கேட்பார்கள். மேசைக் கிரைண்டரின் கல்லும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதுதான். அந்தக் கல்லில் தேய்ந்து வீணாகிற கத்தியின் விலையையும், தேய்ந்துபோன பெல்ட்டை இன்னும் ஒரு வாரம் ஓட்டுவோம் என்று சிக்கனம் பிடிப்பதால் சுட்டுக் கெடுகிற கத்திகளின் விலையையும் யாரும் கணக்கெழுதுவதில்லை. உண்மையான சிக்கனம் பாதுகாத்து வைப்பதில் இருக்கிறது. நம் மலைகளின் ஈரக்காற்றில் துணிப் பெல்ட் தளர்ந்து சுருளும், ஒட்டு இளகி ஓடும் போதே அறுந்தாலும் அறும். சுவரில் ஆணியில் மாட்டி மடிப்பு விழ விடாமல், அகலமான குழாயில் தொங்கவிட்டு, தேயிலை உலர்த்துகிற அறைக்கு அடுத்த உலர்ந்த மூலையில் வைத்தால் பழுதில்லாமல் இருக்கும். வேறொரு செலவையும் மறைக்கக் கூடாது: மூக்குக்கும் வாய்க்கும் கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தில் மணற்கல்லில் உலரச் சாணை பிடித்த தொழிலாளர்கள் தூசியால் நுரையீரல் கெட்டு இளவயதிலேயே மாண்டார்கள். பெல்ட்டின் தூள் மணற்கல்லின் தூளை விடக் கொடுமை குறைந்தது என்றாலும், எஃகுத் தூள் சுவாசிப்பதற்குரிய வஸ்து அன்று.

இந்தச் செலவை யார் ஏற்க வேண்டும் என்பதே என் முக்கியமான கேள்வி. 1992ஆம் ஆண்டில் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து சம்பளத்தைப் பற்றி நடந்த பேச்சுவார்த்தைகள் எத்தனையோ. 2021ஆம் ஆண்டில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கியதும், கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டதும், பிறகு நடந்தவையும் வாசகர்கள் அறிந்தவை. அந்த மேசைகளில் ரூபாயும் கிலோவும் பேசப்பட்ட அளவுக்குக் கருவியின் விளிம்பு பேசப்படவில்லை. கவ்வாத்துக்காரன் மாலையில் லயத்துக்குத் திரும்பிய பிறகு, தன் சொந்த நேரத்தில் கத்தியைத் தீட்டுவதும், ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்து அதன் பதத்தைப் போக்கிக்கொண்டு வருவதும் நியாயமான ஏற்பாடு ஆகாது. தீட்டுவது வேலையின் ஒரு பகுதி. அதற்குரிய நேரம் பேருக்குள் அடங்க வேண்டும், அதற்குரிய சாணை தொழிற்சாலையில் இருக்க வேண்டும், அதைப் பிடிக்கிறவன் பதமும் வேகமும் கற்ற ஒருவனாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பையன்கள் கொழும்புக்குப் போய்க் கடைகளில் நின்றுகொண்டிருக்கிற இக்காலத்தில், நல்ல கத்தி செய்யவும் தீட்டவும் கற்றவன் தன் ஊரிலேயே பிழைப்பான் என்பதையும் இதனோடு சேர்த்து யோசிக்கலாம்.

கத்திக்கே இனிக் காலம் இல்லை, கவ்வாத்தும் யந்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பார்கள். ஆள் பற்றாக்குறையால் பல தோட்டங்களில் மோட்டார் பூட்டிய வட்ட வாள்கள் வந்திருப்பது உண்மைதான். அந்த வாளின் பல்லும் எஃகுதான். அதையும் தீட்டத்தான் வேண்டும். மழுங்கிய வாள் மழுங்கிய கத்தியைவிட வேகமாக மரத்தைப் பிளக்கும். யந்திரம் விட்டுச் சென்ற பிசிறுகளைக் கையால் வெட்டிச் சீர்செய்ய வேண்டியும் இருக்கிறது. எனவே சாணையைப் பற்றிய கேள்வி யந்திரத்தோடு தீர்ந்துபோவதாக இல்லை.

தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு யோசனையோடு நிறுத்திக்கொள்கிறேன். வரும் கவ்வாத்துப் பருவத்தில் ஒரே தோட்டத்தில், ஒரே வயதுச் செடிகள் உள்ள, வெயிலும் சரிவும் ஒத்த இரண்டு மலைகளைத் தேர்ந்து, ஒரே பட்டறையில் ஒரே தகட்டிலிருந்து செய்த கத்திகளில் ஒரு பாதியை மேசைக் கல்லிலும் மறு பாதியைக் குறைந்த வேகப் பெல்ட்டிலும் தீட்டிக் கொடுத்து, எந்தக் கத்தி எத்தனை செடிக்குப் பிறகு மறுபடியும் சாணைக்கு வந்தது, எத்தனை வெட்டுவாய் பிளந்தது, மூன்று மாதத்துக்குப் பின் எந்த மலையில் எத்தனை வாது நுனி காய்ந்தது என்று எழுதிவைக்க வேண்டும். கத்தி பிடித்தவர்களிடம், எது எந்தச் சாணையில் தீட்டியது என்று சொல்லாமல், நாள்தோறும் மாலையில் தோள் எப்படி இருக்கிறது என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.